சடங்குக்கு ஒரு நாம்பன்

1

அக்கரைப்பற்றிலிருந்து என் சித்தப்பா மகன் ஒரு கசெற் அனுப்பியிருந்தான். ஒரு பக்கம் கோயில் திருவிழாவின் மேளக்கச்சேரி. மறுபக்கம் அவனுடைய கவலை. தொண்டையைக் கனைத்துவிட்டு, இரகசியம் கேட்கிறவன்போலக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறான்:

"அண்ணே, டென்மார்க்கில தமிழ் வழக்கு எண்டு ஒண்டு நடக்காம். பேப்பர்ல கிடக்கு. நீங்களும் அதுக்குள்ள இரிக்கிறீங்களா? என்ன செஞ்சிருந்தாலும் எனக்கிட்ட உண்மையச் சொல்லுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது நாடாவில் நன்றாகவே பதிந்திருந்தது.

ஆகையால் அந்த நாலைந்து பேருக்கும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கும் மீதி ஊருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஒன்றும் செய்யவில்லை. இதில் விசாரிக்கப்படுகிறவர்கள் டெனிஷ்காரர், அதுவும் கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர்கள். இங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் தன் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று சட்டம் இருக்கிறது. நாங்கள் கூப்பிட்டோம். விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனுக்குப் போய் அங்கேயே படுத்துவிட்டன. அவை தாங்களாகப் படுக்கவில்லை, படுக்கவைக்கப்பட்டன என்று பிறகுதான் வெளியே வந்தது. யார் படுக்கவைத்தது, யாருக்கெல்லாம் அது தெரியும் என்பதைத்தான் இப்போது நீதிபதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதாவது, நான் பாதிக்கப்பட்ட கட்சி. ஆனாலும் தொலைக்காட்சியில் "தமிழ்" என்ற சொல் வந்தவுடன் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். தெருவில் பொலிஸ் வாகனம் போனால் என் கை தானாகவே சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடுகிறது. ஊரிலிருந்து சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்த ஒரே சாமான் என் பயம்தான். அதற்கு மட்டும் யாரும் விசா கேட்கவில்லை.

பயம் என்றதும் போன வருடத்துச் சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்கு நடந்து இந்தக் கிழமையோடு ஒரு வருடம். அதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைப் பார்த்தால், விசாரணையில் இருக்கும் அந்தப் பெரியவர்கள் படுவது வெறும் தடிமன் காய்ச்சல்.

2

நான் வேலை செய்வது ஓல்போர்க்குக்கு வெளியே, ஸ்வென் என்பவரின் பால் பண்ணையில். இங்கே முதலாளியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். எனக்கு அது வாயில் வரவில்லை. ஆரம்பத்தில் அவரைக் கூப்பிடவேண்டி வந்தால் அவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் நின்று இருமுவேன். எனக்குக் காசநோய் என்று நினைத்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நெஞ்சுப் படம் தெளிவாக வந்த பிறகுதான் "ஸ்வென்" என்று சொல்லப் பழகினேன்.

அவர் அதிகம் கதைக்காத மனிதர். வட யூட்லாந்துக்காரர் எல்லோருமே அப்படித்தான், ஒரு சொல் போதுமான இடத்தில் அரைச் சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் என் பெண்சாதி யோகமும் மகள் சுகியும் ஊரிலே காத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த மனிதர் திங்கட்கிழமைதோறும் காலைப் பால் கறந்து முடிந்ததும், கழற்றாத றப்பர் சப்பாத்தோடு குசினிக்குள் போய்க் கோப்பன்ஹேகனுக்குப் போன் எடுப்பார். என் ஆளின் பெண்சாதி எங்கே என்று கேட்பார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். ஒருமுறை அவர் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன்: "என் பசு ஒன்பது மாதத்தில் கன்று போட்டுவிடுகிறது. உங்கள் கடதாசி எத்தனை மாதம் சுமக்கும்?"

அவர் போன் எடுத்ததால் நடந்ததா, கோப்பன்ஹேகனில் காற்று மாறியதால் நடந்ததா, எனக்குத் தெரியாது. கடைசியில் விசா வந்தது. விமான நிலையத்துக்கு ஸ்வென்தான் என்னைக் கூட்டிப்போனார். மாடு ஏற்றும் இழுவைப் பெட்டியைக் காரிலிருந்து கழற்ற மறந்துபோனதால் யோகத்தின் பெட்டி படுக்கைகள் அதற்குள் ஏறின. அத்தனை வருடம் கழித்து என்னைக் கண்ட யோகம் அழுவாள் என்று நான் கைலேஞ்சியோடு தயாராக நின்றேன். அவள் இழுவைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, "ஆருட பட்டி?" என்று கேட்டாள்.

அப்படித்தான் கேட்பாள். அவள் போடியாரின் மகள். வயலும் மாடும் கணக்கில்லாமல் வைத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். ஒருவரின் அந்தஸ்தை அறிய அவர் வீட்டைப் பார்க்கமாட்டோம், பட்டியில் எத்தனை நிற்கிறது என்று கேட்போம். கல்யாணமோ சடங்கோ வந்தால் போடியார் வீட்டிலிருந்து தயிர்ச் சட்டிகள் வண்டியில் வரும். அவற்றை உடனே உள்ளே எடுக்கமாட்டார்கள். வருகிற போகிற சனம் பார்க்கும்படி முற்றத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழக்கூடாது. மேலே படியும் மஞ்சள் ஆடையைக் கரண்டியில் வெட்டி எடுத்துக்கொண்டு ஒருவர் பந்தியில் வருவார். அந்த ஆடை யாருடைய இலையில் விழுகிறதோ அவர்தான் மனிதர். நான் கிளாக்கரின் மகன். என் இலைக்கு வரும்போது சட்டியில் நீர்தான் ஆடிக்கொண்டிருக்கும். யோகத்தைக் கட்டிய பிறகுதான் எனக்கு ஆடை கிடைத்தது.

இதையெல்லாம் பால் கறக்கும்போது ஸ்வென்னுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். மாமனாரின் பட்டி என்று சொல்ல டெனிஷில் சொல் நீளம். "எங்கள்" என்பது சின்னச் சொல், நாக்குக்கும் சுகம். எங்களுக்குப் பெரிய பட்டி, மாடு இல்லாமல் எங்களில் விருந்து இல்லை, மாடு எவ்வளவோ மனிதன் அவ்வளவு என்பேன். அவர் தலையாட்டுவார். "இங்கேயும் அப்படித்தான்" என்பார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த மாட்டை நாங்கள் சாப்பிடுவதில்லை என்பதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக் கூரையைச் சாப்பிடுவதில்லை என்று யாராவது போய்ச் சொல்வார்களா?

3

சுகி பெரியபிள்ளையானாள். யோகத்தின் அண்ணன் தருமலிங்கம் இஷொயில் இருக்கிறார், கோப்பன்ஹேகனில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. கொஞ்சம் கோபம், நிறைய ஒழுங்கு. அங்கே மாட்டிறைச்சித் தட்டுத் தூக்கவேண்டும் என்பதற்காக இரண்டு சோடிக் கையுறை போடுவார், வீட்டுக்கு வந்ததும் தலையோடு முழுகுவார். பனிக்காலத்திலும் அப்படித்தான். அவர் போனில் உத்தரவு போட்டார்: சடங்கு ஊர் முறைப்படி நடக்கவேண்டும், அவர் குடும்பத்தோடும் சனத்தோடும் வருவார், மீன் இறைச்சி என்று எந்த மச்சக்கறியும் வாசலுக்கும் வரக்கூடாது. ஐயர் இல்லாமல் சாமத்தியச் சடங்கு நடக்கும். தாய்மாமன் இல்லாமல் நடக்காது. முதல் தண்ணீர் அவர்தான் வார்க்கவேண்டும், இந்த நாட்டில் சுகிக்கு இருப்பது இந்த ஒரே மாமன்.

மண்டபம் வேண்டும். ஊர்மண்டபம் ஸ்வென் கையில். என்ன விசேஷம் என்று கேட்டார். என் டெனிஷ் நல்ல டெனிஷ் என்றாலும், ஒரு தகப்பன் தன் முதலாளிக்கு அதை விளக்கும் அளவுக்கு நல்லதில்லை. சுகியின் வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே தேவாலயத்தில் கொன்ஃபிர்மாசியோன் நடக்கும். வெள்ளை உடுப்பு, சொந்தபந்தம், விருந்து, பரிசு. ஆகவே "சுகிக்குக் கொன்ஃபிர்மாசியோன்" என்று சொல்லிவிட்டு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்வென்னின் முகம் மலர்ந்தது. தன் மகனின் கொன்ஃபிர்மாசியோனுக்குத் தன் தொழுவத்து மாட்டையே அடித்து ஊருக்கு விருந்து வைத்ததைச் சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர் இறைச்சியைக் கடையில் வாங்கியதாகவும், அந்தக் கதை இன்றைக்கும் ஊரில் ஓய்ந்தபாடில்லை என்றும் சொன்னார். பிறகு நாங்கள் என்ன போடப்போகிறோம் என்று கேட்டார்.

சோறு, மரக்கறி, தயிர் என்றேன்.

"சோறும் புளித்த பாலுமா?" என்றார். அந்தக் கேள்விக்குள் அவர் என்ன கணக்குப் போட்டார் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவ்வளவு பெரிய பட்டிக்காரக் குடும்பம். சண்டையில் எல்லாம் போய், அந்நிய ஊரில், மகளின் பெரிய நாளில் சனத்துக்குச் சோறும் புளித்த பாலும் போடும் நிலைக்கு வந்துவிட்டது. அதுவும் தன் ஆள், தன் ஊர்மண்டபத்தில்.

அடுத்தநாள் காலை என்னைக் கன்றுத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கருப்பும் வெள்ளையுமாக ஒரு நாம்பன் நின்றது. இளங்காளை, நல்ல வளர்த்தி, முதுகு பலகைபோல. ஸ்வென் அதன் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, "சுகிக்கு. விருந்துக்கு. வெட்டுகிறவரை நான் கூப்பிடுகிறேன்" என்றார். முந்தைய நாள் சொன்ன மகன் கதையை விட்டால், அந்த ஆண்டில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாக இருக்கலாம். அவருடைய கண்ணோரம் ஈரமாக இருந்தது.

டெனிஷ் வகுப்பில் முதல்நாளே படிப்பித்தார்கள்: என்ன சொல்வதென்று தெரியாத இடத்திலெல்லாம் "தக்" என்று சொல். நன்றி என்று பொருள், எங்கேயும் பொருந்தும். நானும் சொன்னேன்.

4

ஆக, நிலைமை இதுதான். நாம்பன் வெட்டுப்பட்டால் மாமன் வாசலோடு திரும்பிவிடுவார், என் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க ஆள் இல்லை. வேண்டாம் என்றால், என் பெண்சாதி பிள்ளைக்காகத் திங்கட்கிழமைதோறும் சண்டை பிடித்த மனிதனின் முகத்தில் அறைந்ததாகும். வேறு ஒருவனாக இருந்தால் இரண்டு பேரில் ஒருவரிடம் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் தீர யோசித்து, ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் காலத்தைக் கடத்திப் பார்த்தேன். இறைச்சி மெதுமையாக வேண்டுமென்றால் அடித்த மாட்டைக் குளிர் அறையில் சில நாள் தொங்கவிடவேண்டுமாம். அதனால் ஸ்வென் அவசரப்பட்டார். தேய்பிறையில் எங்களில் வெட்டுவதில்லை என்று ஒரு வழக்கத்தை அந்த இடத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் வியந்துபோனார். அவருடைய தாயாரும் அப்படித்தான் சொல்வாராம், தேய்பிறையில் அடித்த இறைச்சி சட்டியில் சுருங்குமாம். குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நிலாவின் படத்தைப் பார்த்து, வளர்பிறையில் வந்த முதல் வியாழக்கிழமையைக் குறித்து, வெட்டுகிறவருக்குப் போனும் எடுத்துவிட்டார்.

பிறகு மச்சானிடம் நயமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று இஷொய்க்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், ஸ்வென் சடங்குக்கு ஒரு மாடு தாறாராம்" என்று தொடங்கினேன். "வெட்ட" என்ற சொல் தொண்டைவரை வந்து அங்கேயே குந்திக்கொண்டது.

மச்சான், குரல் தழுதழுக்க, "கோபூசைக்கா?" என்று கேட்டார்.

நான் "ம்" என்றேன். "ம்" என்பது ஓம் இல்லை. நீதிமன்றத்தில் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

"மச்சான், நான் உங்களக் குறைவா நினைச்சிட்டன். வெள்ளைக்காரன்ட கையால ஒரு பசுவ வாங்கி, டென்மார்க்கில கோபூசை செய்யிறீங்க. நீங்க பெரிய மனுசன்."

அந்த ஆளின் வாயால் அப்படி ஒரு சொல் எனக்கு வந்ததே இல்லை. பாதகம் என்னவென்றால், அது இனித்தது. அன்று மாலைக்குள் இஷொயில் தெரியாத தமிழர் இல்லை. வருவதாகச் சொன்ன கார்கள் இரட்டித்தன. ஓர் அம்மா கோமியம் பிடிக்கப் போத்தல் கொண்டுவருவதாகச் சொன்னாராம். மச்சான் மறுபடி போன் எடுத்துப் பசு என்ன நிறம் என்று கேட்டார். கருப்பும் வெள்ளையும் என்றேன். குணம் எப்படி என்றார். சாது என்றேன். எத்தனை கன்று போட்டது என்றார். லைன் கட்டாகிவிட்டது. கட்டாக்கியது என் விரல்தான்.

நான் நாம்பனைப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். அதற்கு ஏதாவது வருத்தம் வந்தால் வெட்டமாட்டார்களே என்று ஒரு கணம் நினைத்தேன், உடனே பாவம் செய்ததாகப் பயந்து பரிகாரமாக இரண்டு கை தீனி கூடுதலாகப் போட்டேன். அது என்னைக் கண்டாலே ஓடிவந்து கையை நக்கியது. நான் போட்ட தீனியில் அது நாளுக்கு நாள் கொழுத்தது. ஸ்வென் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை" என்று என் தோளில் தட்டினார்.

5

வியாழக்கிழமைக்கு முந்தினநாள் பின்னேரம். சுகி பள்ளிக்கூடம் விட்டதும் பண்ணைக்குப் போய் ஸ்வென்னின் பெண்சாதி இங்கரோடு கன்றுகளுக்குப் பால் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். நாங்கள் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லும் பழக்கம் வந்து சில மாதம் ஆகியிருந்தது. நான் அதைப் பற்றி மணிக்கணக்காகக் கவலைப்பட்டுக் கதைக்கிறவன். அன்று, அவளுக்குத் தமிழ் முழுவதும் மறந்துபோயிருந்தால் எவ்வளவு நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அவள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே டெனிஷில், நாளைக்கு என் மாட்டை வெட்டுகிறார்கள், இறைச்சியில் கொஞ்சத்தைக் குடலில் அடைத்துத் தரட்டுமா என்று இங்கர் கேட்கிறார் என்றாள்.

"என்ன சொல்றாள்?" என்று யோகம் என்னைக் கேட்டாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்தில சோதினையாம்" என்றேன்.

சுகி கோப்பையைக் கீழே வைத்தாள். "இல்லம்மா. என்ட மாட்டை நாளைக்கு வெட்டுறாங்க. சடங்குக்குத் திங்க." ஒரு எழுத்துப் பிசகாத தமிழ்.

நான் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். யோகம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சப்பாத்தைப் போடுங்கள், போவோம் என்றாள், அவ்வளவுதான்.

தொழுவத்தில் ஸ்வென்னும் இங்கரும் நின்றார்கள். யோகம் அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு நேரே உள்ளே போய் நாம்பனின் முதுகைத் தடவினாள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், பின்னங்காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தாள். ஸ்வென் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல சாமான் எண்டு சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

"நாங்க மாடு திங்கிறதில்ல எண்டு சொல்லுங்க."

நாங்கள் மாட்டிறைச்சியைச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்வோம் என்று மொழிபெயர்த்தேன். சுகி பக்கத்திலிருந்து, அப்பா பிழையாகச் சொல்கிறார், நாங்கள் சாப்பிடுவதே இல்லை என்று திருத்தினாள்.

ஸ்வென் தொப்பியைக் கழற்றினார். "ஒருபோதுமா?"

"ஒருபோதும்" என்றேன்.

"அவ்வளவு மாட்டையும் வைத்துக்கொண்டு?"

"ஓம்."

"அப்படியென்றால் அவை எதற்கு?"

நான் யோகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"நிக்கத்தான்" என்றாள்.

அதை டெனிஷில் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஸ்வென் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருடமாகத் தன்னிடம் மாட்டைப் பற்றியே கதைத்தேனாம், இந்த ஒன்றை மட்டும் ஏன் சொல்லவில்லையாம். அவர் தும்புத்தடியை எடுத்து, கழுவித் துப்புரவாகக் கிடந்த தரையைக் கூட்டத் தொடங்கினார். வட யூட்லாந்துக்காரர் ஒருவர் சுத்தமான தரையைக் கூட்டினால் அவர் மனம் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் மனதுக்குள் பெட்டி கட்டி, வேறு வேலை தேடி, பண்ணை வீட்டை விட்டு ஓல்போர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்து முடித்துவிட்டேன்.

யோகம் நகரவில்லை.

"இதச் சொல்லுங்க. கூட்டாமச் சொல்லுங்க, குறைக்காமச் சொல்லுங்க. நீங்க வெட்டித் தந்தா ஒரு நேரம் திண்டு, கோப்பை கழுவினதோட முடிஞ்சிரும். நாளைக்கு ஸ்வென் உன்ட பிள்ளைக்கு என்ன குடுத்தார் எண்டு ஒருத்தர் கேட்டா, எதக் காட்டுற? எங்கட பக்கத்தில பொம்பிளப் பிள்ளைக்கு ஒரு மாட்டக் குடுத்தா, பிள்ளைட பேரில குறி சுட்டு, குடுத்தவர்ட பட்டியிலயே நிக்க விடுவம். போற வாற சனம் பாத்து, அது இன்னார் குடுத்த மாடு எண்டு சொல்லும். எங்கப்பா எனக்குத் தந்ததும் அப்பிடித்தான் நிண்டிச்சு. இப்ப அந்தப் பட்டியில ஒரு கண்டும் இல்ல."

கடைசி வசனத்தை மொழிபெயர்க்கும்போது எனக்கு டெனிஷ் பிந்தித்தான் வந்தது. பட்டி போன கதை எனக்குத் தெரியும். அவள் வாயால் அதைக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

தும்புத்தடி நின்றது. ஸ்வென் நாம்பனையே பார்த்தார். அவர் இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் தீனிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். காளை சும்மா நின்றால் தின்னுமே தவிர ஒன்றும் தராது, அப்படி ஒன்றை நிற்கவைத்தால் ஊர் தன்னைப் பைத்தியம் என்று சொல்லும் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் யோகம், "அதுதானே" என்றாள். "அப்ப நாம்பன் வேணாம். ஒரு நாகு தரச் சொல்லுங்க."

நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு. விலை என்று பார்த்தால் நாகுக்குப் பக்கத்தில் அந்த நாம்பனைக் கட்டிவைக்கவும் காணாது. பரிசு தருகிற மனிதனிடம், இதைவிட நல்லதாகப் பார்த்துத் தா என்கிறாள். நான் மொழிபெயர்க்கவில்லை. சுகி மொழிபெயர்த்தாள், நல்ல பள்ளிக்கூட டெனிஷில், எது என்று விரலால் காட்டியும்விட்டாள். உடம்பு சிவப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைச் சுட்டி. தாயும் மகளும் உள்ளே வரும்போதே அதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இங்கர் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்வென் தும்புத்தடியில் சாய்ந்தபடி யோகத்தைப் பார்த்தார், நாகைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"உங்கள் வீட்டில் விவசாயி இவர்தான்" என்றார். "தொழுவத்திலேயே நல்லதைக் கேட்கிறார்."

பிறகு உள்ளே போய் வெட்டுகிறவருக்குப் போன் எடுத்தார்.

6

சடங்கன்று அந்தச் சிவப்பு நாகு, எங்கள் சிவலை, இழுவைப் பெட்டியில் வந்து ஊர்மண்டப முற்றத்தில் இறங்கியது. இங்கரின் தோட்டத்து டாலியாப் பூக்களில் மச்சான் மாலை கட்டிப் போட்டார். அது மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. நல்ல சகுனம் என்றார். போனில் கருப்பு வெள்ளை என்று சொன்னது சிவப்பாக வந்ததையோ, பல கன்று போட்டிருக்கவேண்டியது நாகாக நிற்பதையோ அவர் கேட்கவில்லை. நெற்றிச் சுட்டியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து விழுந்து கும்பிட்டார். அந்த அம்மா போத்தலோடு வெகுநேரம் பின்னால் காத்திருந்தார்.

தன் மாட்டை ஒருவர் விழுந்து கும்பிடுவதை ஸ்வென் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு என் காதோரம் வந்து, இனி இதற்குச் சினை ஊசி போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன். ஆனாலும் சந்தேகம் தீராமல் மச்சானிடம் கேட்கச் சொன்னார்.

மாமன் முதல் தண்ணீர் வார்த்தார். சுகி நடுங்கிக்கொண்டு சிரித்தாள். ஊர்க்காரர் வெள்ளைச் சட்டையோடு வாங்குகளில் வரிசையாக இருந்து, இந்தக் கொன்ஃபிர்மாசியோனில் பாதிரியார் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தி தொடங்கியது. தயிர் தோய்க்க இங்கே மண்சட்டி கிடைக்கவில்லை, இங்கரின் கண்ணாடிக் கிண்ணங்களில் ஸ்வென்னின் பாலில் யோகம் தோய்த்திருந்தாள். கவிழ்த்துக் காட்டும்படி மச்சான் சொன்னார். கவிழ்த்தாள். விழவில்லை. அவர் கரண்டியை எடுத்து, ஆடையை வெட்டி, பந்தி முழுவதையும் கடந்து நடந்துபோய் ஸ்வென்னின் தட்டில் வைத்தார். எங்கள் சனம் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஸ்வென்னுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீனி இருக்கிறதா என்று கேட்டார்.

அப்போது, கொன்ஃபிர்மாசியோனுக்குக் கடையில் இறைச்சி வாங்கிய அதே பக்கத்துப் பண்ணைக்காரர் தட்டைக் கிளறிக்கொண்டு, இறைச்சி எங்கே என்று கேட்டார். மண்டபம் முழுவதும் கேட்கும்படி ஸ்வென் பதில் சொன்னார்.

"இவர்கள் பெரிய மாட்டுக்காரர். மாட்டைத் தின்பது மாடு குறைந்தவர்கள் செய்வது."

பண்ணைக்காரர் தட்டைக் குனிந்து பார்த்தபடி தயிரைச் சாப்பிட்டு முடித்தார்.

ஸ்வென் அப்படிச் சொன்னாலும் அவருடைய கார் இருக்கையில் பாண் சுற்றி வந்த கடதாசி ஒன்று கிடந்ததை நான் பின்னேரம் கண்டேன். வரும்வழியில் பாண் துண்டுக்குள் எதையோ வைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சுகியின் மாட்டுக்குக் காதில் அவளுடைய அடையாளமாக ஒரு சின்ன வளையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யோகம் அதைப் பார்க்கப் போவாள், போனால் மற்ற மாடுகளையும் பார்ப்பாள். இதற்குத் தீனி காணாது, அதற்குக் குளம்பு வெட்டவேண்டும் என்பாள். ஸ்வென் அவளோடு கதைப்பதற்காக நாலைந்து தமிழ்ச் சொல் படித்துவைத்திருக்கிறார். ஊரில் நான் போடியாரின் மருமகன் என்ற அளவில்தான் அறியப்பட்டவன். இங்கே பண்ணைக்குப் போனில் யாராவது என்னைக் கேட்டால், யோகத்தின் புருஷனா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்வென் கூப்பிடுகிறார்.

போன ஞாயிறு காலை நான் தொழுவத்தில் நிற்க, அவர் வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிவலை அன்று விடியத்தான் கன்று போட்டிருந்தது. ஈரம் காயாமல், கால்கள் நாலும் நாலு திசையில் போக, எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காளை" என்றார் மெல்ல.

பால் பண்ணையில் காளைக் கன்றுகள் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

உன் பெண்சாதிக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை, உங்கள் தொழுவம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவளுடைய மாடு, நீ சொல் என்றார். எங்கள் ஊரில் காளை எத்தனை காலம் நிற்கும் என்று விசாரித்தார். சாகும்வரை என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் துடைக்கவேண்டிய அளவுக்கு வியர்த்தார். இப்படி வியர்க்கும் ஓர் ஆளைக் கண்ணாடிக்கு வெளியே நான் கண்டதில்லை.

முற்றத்தில் சத்தம். யோகமும் சுகியும் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும், ஒருவரையொருவர் பார்க்காமலே, கன்றுக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டோம்.

"என்ன கண்டு?" என்று யோகம் வாசலிலிருந்தே தமிழில் கேட்டாள்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"நாகு" என்றார் ஸ்வென், சுத்தத் தமிழில்.

யோகம் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் கால்களுக்கு இடையால் கன்றைக் குனிந்து பார்த்தாள்.